அண்ணி சர்வீஸ்

பந்து என் இடது பக்கம் விழுந்து, எகிறி, பின்சுவரில் போய் மோதியது. நான் ராக்கெட்டைத் தூக்கி முடித்தபோது அது சுவரில் பட்டுத் திரும்பி, என் காலடிக்கு உருண்டு வந்துகொண்டிருந்தது.

எதிரே நின்ற பெண் அடுத்த பந்தையும் அங்கேயே போட்டாள். அதற்கடுத்ததையும். ஒவ்வொரு தடவையும் நான் நின்ற இடத்திலேயே நின்று, இடுப்பை மட்டும் திருப்பி, காற்றை அடித்தேன்.

விம்கோ நகரில், என்றைக்கோ மூடிவிட்ட ஒரு தொழிற்சாலையின் குடியிருப்புக்குள் இருக்கிற சிமென்ட் டென்னிஸ் கோர்ட் அது. காலை வேளையில் அங்கே சத்தம் தாங்காது. கிண்டல், சண்டை, "அவுட்டு", "இன்னு" என்று ஒரே கூச்சலாக இருக்கும். அன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஷூ லேஸைக் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டார்கள்.

"ஏம்மா பிலோ, பாத்து போடும்மா," என்றார் மோகன். எங்கள் கோர்ட்டில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவர் அவர்தான். ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறார்.

"பாத்துதான் போடறேன்," என்றாள் அவள். "அங்கதான் ஓட்டை கீது."

அவள் பெயர் பிலோமினா. ராயபுரத்துக்காரி. ரயில்வேயில் வேலை. எங்கள் கோர்ட்டுக்கு வந்து அன்றைக்கு இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோதான். ஆட்டம் முடிந்து நெட்டுக்கு அருகில் கை கொடுக்கும்போது என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "உனக்கு பேக்ஹேண்டே கெடையாதும்மா. காலு ரெண்டும் சிமென்ட்ல ஒட்டிகினு கீது. அப்பறம் இன்னொண்ணு, ரெண்டாவது சர்வ் போடசொல்ல கண்ண மூடிக்கிற. தெரியுமா ஒனக்கு?"

எனக்குத் தெரியாது. கையை உதறிக்கொண்டு வெளியே வந்து, ஸ்கூட்டரை எடுத்தேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. வழி விடாத ஒவ்வொரு லாரிக்காரரிடமும் அவளைத் திட்ட வேண்டிய திட்டையெல்லாம் திட்டிக்கொண்டே ராயபுரம் வந்து சேர்ந்தேன்.

பாவம் என்ற வார்த்தை

என் கணவர் போன பிறகு, கடை ஷட்டரை நான் தனியாகத் தூக்கிய முதல் நாளைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். படித்துவிட்டுப் பலர் போன் செய்தார்கள். நல்ல மனசுக்காரர்கள். ஆளாளுக்கு ஒரு தடவையாவது "பாவம்" என்றார்கள்.

எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அதனால் இந்த வாரம் அதைப் பற்றியே எழுதிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டும் யாராவது போன் செய்து பாவம் என்றால், அதற்கு நான் பொறுப்பில்லை.

ஒருத்தி புருஷனைப் பறிகொடுத்தால், மறுநாளிலிருந்து ஊரே அவளிடம் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பிக்கிறது. எனக்குக் காதில் ஒரு கோளாறும் இல்லை. உறவுக்காரர்கள் கல்யாணப் பத்திரிகை வைக்கும்போது "முடிஞ்சா வாங்க" என்கிறார்கள். முடியாமல் என்ன? எனக்குக் காலா உடைந்திருக்கிறது? குழம்பில் உப்பு அதிகமாகப் போனால்கூட "நல்லாத்தான் இருக்கு" என்று அள்ளிப் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறார்கள். மீன்குழம்பை வாயில் வைத்ததும் "கடலையே கரைச்சுட்டியா?" என்று தட்டைத் தள்ளுகிற ஆள் எனக்கு இருந்தார். போய்விட்டார். அதற்காக எல்லோரும் சேர்ந்து உப்பை விழுங்க வேண்டுமா?

கடையில் மட்டும்தான் இந்தத் தொல்லை கிடையாது. எங்களுடையது கயிறு, தார்ப்பாய், கொக்கி, கம்பி விற்கிற கடை. வருகிறவர்கள் படகுக்காரர்களும் லாரிக்காரர்களும். விதவை என்று பார்த்து அவர்கள் ஒரு முழம் கயிற்றைக்கூட விட்டுக்கொடுத்ததில்லை. அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

காலு!

என் கணவர் பெயர் தங்கராஜ். தூத்துக்குடிப் பக்கத்துக் கடைக்காரர் குடும்பம். ஆனால் பிறந்தது, வளர்ந்தது, கத்தியது எல்லாம் ராயபுரத்தில்தான். டென்னிஸ் எப்படி அவருக்கு ஒட்டியது என்று அவருக்கே சரியாகத் தெரியாது. அந்தக் குடியிருப்பில் இருந்த யாருக்கோ தார்ப்பாய் கொண்டுபோய்ப் போட்டபோது, "வாங்க, ஒரு ஆள் குறையுது" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து தினம் காலையில் விம்கோ நகர். கோர்ட் நெட்டைக் கட்டியிருக்கிற கயிறு எங்கள் கடைக் கயிறு.

நான் முதலில் காபி பிளாஸ்கோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள். ஒருநாள் ஆள் குறைந்தது. ராக்கெட்டை என் கையில் திணித்தார். சுடிதாரும் செருப்புமாக இறங்கினேன். அதற்கப்புறம் பிளாஸ்க்கைத் தூக்க ஆளில்லாமல் போய்விட்டது.

கற்றுக்கொடுத்தார் என்று சொல்லமாட்டேன். கத்தினார். "காலு! காலு!" அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த பாடம். பந்து இடது பக்கம், அதாவது பேக்ஹேண்டுக்கு, வந்தால் நான் மரம் மாதிரி நிற்பேன், அவர் "காலு!" என்பார். வீட்டில் தோசை ஊற்றும்போது இரண்டடி நகர்ந்தால்கூட "இப்ப நகருது பாரு" என்பார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் ராக்கெட்டை அவர் மேலேயே விட்டெறிந்துவிட்டு பஸ் ஏறப் போனேன். ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்து, ஏறு என்றார். ஏறினேன். வழியெல்லாம் என் பேக்ஹேண்டைப் பற்றியே பேசினார். டோல்கேட் சிக்னலில் நிற்கும்போது ஹேண்டில்பாரிலிருந்து இரண்டு கையையும் எடுத்து, இப்படித் தோளைத் திருப்ப வேண்டும், இப்படிக் காலை வைக்க வேண்டும் என்று காட்டினார். பக்கத்து லாரியில் இருந்த டிரைவர் எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, சண்டையா?" என்று கேட்டார். "பேக்ஹேண்டு," என்றார் இவர்.

அவரை மூலக்கொத்தளம் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்தபின், காரியமெல்லாம் முடிந்த மறுநாள் மோகனும் மற்றவர்களும் வீட்டுக்கு வந்தார்கள். என் ராக்கெட்டுக்குப் புது கிரிப் சுற்றி எடுத்து வந்திருந்தார்கள். "அண்ணி, நீங்க கோர்ட்டுக்கு வரணும்," என்றார் மோகன். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். போனேன்.

அதற்குப் பிறகு நான் நன்றாக ஆட ஆரம்பித்தேன். அதுதான் விஷயம். ஜெயித்துக்கொண்டே இருந்தேன். பந்து வாகாக வந்து வலது கைக்கு நேராக உட்கார்ந்தது. இடது பக்கம் யாருமே போடுவதில்லை. நாளாக நாளாக, என் பேக்ஹேண்டைப் பார்த்தால் இவர்களுக்குப் பயம் என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். என் தங்கையிடம் போனில் சொல்லிப் பெருமைகூடப் பட்டிருக்கிறேன்.

தார்ப்பாய் வாங்க வந்தவள்

பிலோ என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சொன்னதற்கு மறுநாள் மோகனிடம் குறைப்பட்டுக்கொண்டேன். "விடுங்க அண்ணி, அதுக்கு மேனர்ஸ் தெரில. நாங்க சொல்லிக்கிறோம்," என்றார். எனக்கு மனம் ஆறிவிட்டது. அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டேன்.

மழைக்கு முன்னால், ஒரு சாயங்காலம், அவளே கடைக்கு வந்து நின்றாள். அது என் கடை என்று அவளுக்குத் தெரியாது. என்னைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை.

"மொட்டமாடில தண்ணி ஒழுவுது. அந்த நீலத்த குடு," என்று மேலே அடுக்கியிருந்ததைக் காட்டினாள்.

"அது வேணாம்," என்றேன். "ரெண்டு வெயில் அடிச்சா வெடிச்சுடும். உள்ள வேற இருக்கு. பாக்க அசிங்கமா இருக்கும், ஆனா தாங்கும்."

எடுத்துப் போட்டேன். தடவிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒரு தார்ப்பாய்க்கு உள்ளத உள்ளபடி சொல்ற. உன் ஆட்டத்த பத்தி நான் சொன்னா மட்டும் மூஞ்சிய தூக்கி வெச்சிக்கிற. இன்னா நாயம் இது?"

"இத்தனை வருஷமா ஆடுறேன். யாரும் அப்படிச் சொன்னதில்ல."

"எப்டி சொல்லுவாங்க? என்னியே ஓரங்கட்டி, அண்ணிக்கு பேக்ஹேண்டுல போடாத, மெதுவா வலது பக்கம் போடு, பாவம், வூட்டுக்காரரு பூட்டாருன்னு சொல்ட்டாங்க. அதுக்கு பேரே வெச்சிக்கீறாங்க. அண்ணி சர்வீஸாம். நான் முடியாதுன்னுட்டேன். எனக்கு அப்டில்லாம் போட வராது."

நான் தார்ப்பாயை மடித்துக் கட்டிக் கொடுத்தேன். முடிச்சைத் தேவைக்கு மேல் இறுக்கிப் போட்டேன். அவள் மேல்தான் கோபம் என்று அப்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தூசு சொன்னது

எங்கள் பக்கத்துத் தூசியைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். ராத்திரி துணி காயப்போட்டால் காலையில் கறுப்பாக எடுக்கலாம். புதுப் பந்து இரண்டே நாளில் அழுக்கு உருண்டை ஆகிவிடும். கோர்ட்டிலும் தினம் மெல்லிசாக நிலக்கரித் தூசு படிந்திருக்கும். அதைப் பெருக்கிவிட்டுத்தான் ஆட்டம் தொடங்குவோம்.

மறுநாள் நான் எல்லோருக்கும் முன்னால் போனேன். துடைப்பத்தைத் தூக்கி ஸ்கூட்டருக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். மோகன் வந்ததும், "இன்னைக்குப் பெருக்க வேணாம். சும்மா பக்கம் மாத்தாம கொஞ்ச நேரம் அடிக்கலாம்," என்றேன். சரி அண்ணி என்றார். அவர் எதற்குத்தான் சரி என்று சொல்லாமல் இருந்திருக்கிறார்?

வேர்க்க விறுவிறுக்க ஆடினோம். "சூப்பர் அண்ணி", "செம்ம ஷாட் அண்ணி" என்று பெஞ்சிலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. பிறகு நான் ராக்கெட்டை இறக்கிவிட்டுக் கீழே பார்த்தேன்.

கரியில் பந்து விழுந்த இடமெல்லாம் வட்ட வட்டமாகத் தெரிந்தது. என் வலது பக்கம் அம்மைத் தழும்புபோல அத்தனை வட்டம். இடது பக்கம் ஒன்றுகூட இல்லை. ராத்திரி படிந்த தூசு படிந்தபடியே இருந்தது. நடுவில் என் இரண்டு பாதத்தின் தடம், அதிகம் நகராமல்.

என் வெற்றிகள் எல்லாம் என்னவென்று தெரிந்துவிட்டது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் இன்னும் எழுந்து போகவில்லை. தினம் காலையில் அரை டிராயரோடு வந்து விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அதற்குக் கையைத் தூக்கி ஆர்ப்பரித்திருக்கிறேன். கடவுளே, ஒருநாள் லட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவர்கள் என்றால் செருப்பைக் கழற்றலாம். புது கிரிப் சுற்றிக் கொண்டுவந்தவர்களை என்ன செய்வது?

அன்று துடைப்பத்தை எடுத்து நானே கோர்ட் முழுக்கப் பெருக்கினேன். இடது பக்கத்தை மட்டும் இரண்டு தடவை பெருக்கினேன். "நாங்க பெருக்கறோம், நீங்க உக்காருங்க அண்ணி," என்று ஓடி வந்தார் மோகன். துடைப்பத்தால் அவரை அடிக்காமல் விட்டது என் பெருந்தன்மை.

குடியரசு தினம்

எங்கள் கோர்ட்டில் குடியரசு தினத்தன்று கொடி ஏற்றி, பொங்கல் வடை சாப்பிட்டு, டபுள்ஸ் போட்டி நடத்துவார்கள். அவர் இருந்தவரை நானும் அவரும்தான் ஜோடி. அவருக்குப் பிறகு மோகன் என் ஜோடியாக நின்று, எனக்கு வர வேண்டிய பந்தையெல்லாம் அவரே ஓடி ஓடி எடுப்பார். இந்த முறை பிலோவைக் கேட்டேன்.

"ஆடலாம்," என்றாள். "ஆனா நான் திட்டுவேன்."

"திட்டு."

"அழக்கூடாது."

"நான் ராக்கெட்டைத் தூக்கிப் புருஷன் மேலயே எறிஞ்சவ," என்றேன். அவளுக்கு என்னை அப்போதுதான் கொஞ்சம் பிடித்தது என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சர்ச்சில் பூசை முடித்து நேராகக் கோர்ட்டுக்கு வருவாள். ஒரு கூடைப் பந்து. எல்லாம் இடது பக்கம். "லேட்டு." "மறுபடி லேட்டு." "கண்ண தொற." "யாரு வூட்டு கலியாணத்துக்கு நிக்கிற?" வீட்டுக்கு வந்தால் முழங்காலும் தன்மானமும் சேர்ந்து வலிக்கும். ஆனால் ராத்திரி நன்றாகத் தூங்கினேன். அதற்கு முன்னால் அப்படித் தூங்கி ரொம்ப நாளாகியிருந்தது.

போட்டியில் எங்களுக்கு எதிரே மோகனும் அவர் கூட்டாளி பாஸ்கரும். எல்லோரும் கையில் பொங்கல் தட்டோடு சுற்றி நின்றார்கள். மோகன் பிலோவுக்குப் போட்ட சர்வ் சுவரைப் பேர்த்துவிடும்போல் போனது. அடுத்தது எனக்கு. பந்து மெதுவாக, அன்பாக, என் வலது கைக்கு நேராக வந்து எழும்பியது.

நான் ராக்கெட்டைத் தூக்கவில்லை. அது என்னைத் தாண்டிப் போய் விழுந்தது.

"அண்ணி, பந்து உள்ள விழுந்துச்சு," என்றார் மோகன்.

"பாத்தேன்."

"அப்பறம் அடிக்கலையே?"

"எனக்கு ஒரு பந்து போடுங்க, அடிக்கிறேன்."

அவருக்குப் புரியவில்லை. அடுத்த முறையும் அதே அன்பு. விட்டேன். பிறகு பாஸ்கர் சர்வ். அவரும் அப்படியே. அதையும் விட்டேன். பெஞ்சில் சலசலப்பு. ஸ்கோர் ஓடிக்கொண்டிருந்தது. பிலோ எனக்குப் பக்கத்தில் வந்து, "இன்னா செல்வி, கேமு பூட்டுகினு கீது," என்றாள்.

"போகட்டும்."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ராக்கெட்டை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டாள்.

மறுபடியும் மோகன் சர்வ் போடும் முறை வந்தது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நெட்டுக்கு நடந்து வந்தார். முகம் சிவந்திருந்தது. "இன்னா அண்ணி இது, எல்லார் முன்னாடியும் அசிங்கப்படுத்துறீங்க? உங்க மேல எவ்ளோ மரியாதை வெச்சிக்கீறோம். தங்கராஜ் அண்ணன் இருந்தா இப்டி..."

"அவர் இருந்திருந்தா என் பேக்ஹேண்டைக் கிழிச்சிருப்பார்!" என்று கத்தினேன். பொங்கல் தட்டெல்லாம் அசையாமல் நின்றது. "செத்தது அவரு, மோகன். நான் இல்ல. எனக்கு ஏன் தினமும் மாலை போடுறீங்க? அண்ணி சர்வீஸாமே? பேரெல்லாம் வெச்சு? என்னைத் தோக்கடிக்க ஒருத்தருக்கும் துப்பில்லையா இங்க?"

பாஸ்கர் தரையைப் பார்த்தார். மோகனின் தாடை இறுகியது. அவரும் என்னைப்போலக் கோபக்காரர்தான். என் முன்னால் காட்டாமல் அடக்கியே வைத்திருந்திருக்கிறார், பாவம். இந்த ஒரு இடத்தில் அந்த வார்த்தையை நானே போட்டுக்கொள்கிறேன்.

திரும்பிப் போனார். பந்தைத் தூக்கிப் போட்டார். அடித்தார்.

அது வந்ததை நான் பார்க்கவில்லை. காற்றைக் கிழிக்கிற சத்தத்தைத்தான் கேட்டேன். இடது பக்கம், கோட்டை ஒட்டி. ராக்கெட்டை நீட்டினேன், விளிம்பில் பட்டு மணிக்கட்டுவரை அதிர்ந்தது. பந்து நெட்டில் போய்ச் செருகியது.

"லேட்டு," என்றாள் பிலோ பின்னாலிருந்து.

எதிரே மோகன் இரண்டு கையையும் தூக்கினார். 'சாரி அண்ணி' என்று சொல்லப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். சொன்னால் அந்தக் கோர்ட்டில் இனிமேல் கால் வைப்பதில்லை என்று அந்த நொடியில் முடிவே செய்துவிட்டேன்.

அவர் ராக்கெட்டால் தன் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டு, தெருக்கோடிவரை கேட்கிற குரலில் கத்தினார்:

"காலு! காலு!"

அண்ணியும் இல்லை, மரியாதையும் இல்லை. அந்த ஒரு வார்த்தைதான். கத்திவிட்டு அவரே திகைத்து நின்றார். அது யாருடைய கத்தல் என்று பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அழக்கூடாது என்று பிலோ சொல்லியிருந்தாள்.

"வாயை மூடிட்டு அடுத்ததைப் போடுங்க!" என்று பதிலுக்குக் கத்தினேன்.

போட்டார். அன்று ஒரு கேம்கூட எடுக்காமல் தோற்றோம்.